திருப்பிக் கொடுக்காத புத்தகம்



ஆறு கிழமை பேர்லின் நகரிலே தங்கிவிட்டு வந்தேன் என்றதும், பிரண்டன்பேர்க் வாயிலைப் பார்த்தீர்களா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். பார்த்தேன். அதைப் படத்திலே நீங்களும் பார்த்திருப்பீர்கள். நான் சொல்ல வந்தது ஒரு புகையிரத நிலையத்தையும் ஒரு பழைய புத்தகத்தையும் பற்றி.

என் சின்னம்மாவின் மகன் அங்கே நொய்கோல்ன் பகுதியில் நாலாம் மாடியில் குடியிருக்கிறான். லிப்ட் இல்லாத பழைய கட்டடம். இருபது வயதிலே போனவனுக்கு இப்போது அறுபது தாண்டிவிட்டது. உணவகக் குசினியில் நின்று நின்று முழங்கால் தேய்ந்துபோனவன், என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னே ஏறினான். வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை சம்பல் அரைக்க மிக்சியைப் போட்டேன். ஓடிவந்து நிறுத்தினான். "அக்கா, இண்டைக்குச் சத்தம் கூடாது. கீழ்வீட்டு மனிசி ஏறி வந்திடும்." அன்று கடைகளும் பூட்டு. நாற்பது லட்சம் பேர் வாழும் நகரம் அப்படி வாய்மூடிக் கிடப்பதை நான் எதிர்பார்க்கவில்லை.

ஒரு நாள் அவன் என்னைப் பிரீட்ரிஷ் வீதிப் புகையிரத நிலையத்துக்கு அழைத்துப் போனான். இன்று அது கோப்பிக் கடையும் பூக்கடையுமாக நெரிசல்படுகிற ஒரு சாதாரண நிலையம். 1961இல் மதில் எழுந்தபின் அதன் கதை வேறு. நிலையம் நின்றது கிழக்கு பேர்லினில். ஆனால் மேற்குப் பகுதி வண்டிகளும் அதற்குள்ளே வந்து நின்று திரும்பின. ஒரே கூரையின் கீழ் சுவரும் காவலுமாக இரண்டு உலகங்கள்.

எங்கள் பிள்ளைகள் பலர் ஐரோப்பாவுக்குள் நுழைந்தது இந்த நிலையத்தால்தான். மாஸ்கோ வழியாகச் சோவியத் விமானத்தில் வந்து, கிழக்கு பேர்லினின் ஷோனபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, இடைவழிப் பயண விசாவோடு இங்கே வருவார்கள். கிழக்கின் அதிகாரி முத்திரை குத்திவிட்டால் வண்டியேறி மேற்கிலே இறங்கலாம். அந்தப் பக்கத்தில் வழமையான கடவுச்சீட்டுச் சாவடி இல்லை. மதிலை ஒரு நாட்டின் எல்லையென்று மேற்கு ஒப்புக்கொள்ளவில்லை. சாவடி வைத்தால் ஒப்புக்கொண்டதாகிவிடும். வல்லரசுகளின் வீம்பிலே விழுந்த ஒரு பொட்டு அது. அதற்குள்ளால் எத்தனை பேர் உயிரோடு போய்ச் சேர்ந்தார்கள்! 1985இல் மேற்கு ஜேர்மனியின் நெருக்குதலால் அந்தப் பொட்டும் அடைபட்டது. தம்பி போனது 1984இல்.

நிலையத்தை ஒட்டி 1962இல் கட்டிய ஒரு கண்ணாடி மண்டபம் இருக்கிறது. மேற்குக்குத் திரும்புகிறவர்கள் கிழக்கிலே உள்ள உறவினரிடம் விடைபெற்ற இடம். ஊரார் அதற்குக் 'கண்ணீர் மாளிகை' என்று பெயர் வைத்துவிட்டார்கள். 2011 முதல் அது காட்சியகம். கடவுச்சீட்டுச் சோதித்த பழைய கூண்டை அப்படியே வைத்திருக்கிறார்கள். தம்பி அதற்குள் போய் நின்றான்.

"அக்கா, இது இவ்வளவு ஒடுக்கமே? எனக்கு அண்டைக்குக் கால் நடுங்கினதில இடம் வலம் தெரியேல்லை."

அந்த அதிகாரி அவன் பையைக் கிளறி ஒரு புத்தகத்தை எடுத்தானாம். மாஸ்கோ முன்னேற்றப் பதிப்பகம் தமிழில் அச்சிட்ட ரஷ்யச் சிறுகதைத் தொகுதி. தமிழெழுத்தைப் பார்த்து முகத்தைச் சுளித்தவன், கடைசிப் பக்கத்தைப் புரட்டினான். அங்கே அச்சு விபரம் ரஷ்ய மொழியில் இருந்தது. கிழக்கு ஜேர்மனியில் பாடசாலைப் பிள்ளைகளெல்லாம் ரஷ்யமொழி படிக்கவேண்டும். அவன் அந்த வரியை வாய்விட்டு வாசித்துச் சிரித்துவிட்டு முத்திரையைக் குத்தினானாம். தம்பி சொல்லச் சொல்ல எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அந்தப் புத்தகத்திலே இன்னொரு முத்திரையும் இருந்தது. யாழ்ப்பாணம் பொது நூலகத்தின் முத்திரை.

1981 மே மாதம் அவன் அதை இரவல் எடுத்தான். தவணை கடந்தும் திருப்பிக் கொடுக்கவில்லை. சின்னம்மா தினமும் ஏசினாவாம். அந்த மாதக் கடைசி இரவில் நூலகம் எரிந்தது. தொண்ணூற்றேழாயிரம் நூல்கள் என்று கணக்குச் சொல்வார்கள். சோம்பேறித்தனத்தால் ஒன்று தப்பியது.

அங்கிருந்து பேபல் சதுக்கம் கிட்டத்தான். நடந்தே போனோம். 1933 மே 10ஆம் திகதி இரவு, நாசிகளோடு சேர்ந்த மாணவர்கள் இருபதினாயிரத்துக்கு மேற்பட்ட புத்தகங்களை அங்கே கொளுத்தினார்கள். படித்த பிள்ளைகள் கொளுத்தினார்கள் என்பதுதான் என்னை இன்றும் உறுத்துகிறது. எழுத்தாளர் எரிக் கேஸ்ட்னர் கூட்டத்துக்குள் நின்று தன் நூல்கள் எரிவதைத் தானே பார்த்தார். இப்போது சதுக்கத்தின் நடுவே நிலத்தில் ஒரு கண்ணாடி பதித்திருக்கிறது. குனிந்து பார்த்தால் கீழே ஓர் அறை, வெள்ளைத் தட்டுகள், ஒரு புத்தகமும் இல்லை. எரிந்த அத்தனையையும் அடுக்கக்கூடிய வெறும் தட்டுகள். இஸ்ரேலியச் சிற்பி மீகா உல்மன் 1995இல் அமைத்தது.

உல்லாசப் பயணிகள் குனிந்து படமெடுத்துக்கொண்டு போனார்கள். தம்பி குனியவில்லை. தள்ளி நின்றான். நாற்பது வருடத்தில் இரண்டாம் தடவையாகத்தான் அங்கே வந்திருக்கிறானாம்.

"எங்கட நூலகத்தைத் திருத்திக் கட்டிப்போட்டாங்களெல்லே அக்கா? போகேக்க புத்தகத்தைக் கொண்டுபோய்க் குடுத்துவிடுங்கோ" என்றான்.

எனக்கும் அது சரியென்றே பட்டது. அவனுடைய மகளுக்குத் தமிழ் பேசவரும், வாசிக்க வராது. அவனுக்குப் பிறகு அந்தப் புத்தகத்தை அங்கே யார் தொடப்போகிறார்கள்? புறப்படும் நாள் காலை அதைத் துணியிலே சுற்றி என் கைப்பையில் வைத்தான். அட்டை கழன்று, தவணைத் திகதியின் மை மங்கியிருந்தது.

விமான நிலையத்துக்கு வண்டியிலே போகும்போது அவன் ஒன்றும் பேசவில்லை. இறங்குவதற்கு இரண்டு தரிப்பு இருக்கையில் என் மடியிலிருந்த பையைத் திறந்து புத்தகத்தை எடுத்தான்.

"கடைசிக் கதை இன்னும் வாசிக்கேல்லை, அக்கா. அடுத்தமுறை தாறன்."

அதைக் குளிர்ச்சட்டையின் உட்பையில் வைத்துப் பொத்தானைப் பூட்டிக்கொண்டான்.