தாமதம் பொறுக்காத நோய்

கைக்குழந்தைக்குக் குரல் கம்மினால், தொண்டைக்கட்டு என்று எண்ணிச் சுக்கையும் திப்பிலியையும் தேடுவது நம் வீடுகளில் வழக்கம். பெரும்பாலும் அது தொண்டைக்கட்டாகவே இருக்கும். ஆனால், இரண்டு மூன்று மாதக் குழந்தை வாயைத் திறந்து அழுதும் ஓசை எழவில்லை, பாலைக் கக்குகிறது, மூச்சு வாங்குகிறது, உதடு நீலம் பாரிக்கிறது என்றால், அங்கே கைவைத்தியத்திற்கு இடமில்லை. அது பெரிபெரியாக இருக்கக்கூடும். அப்படியானால் சில மணி நேரத்தில் இதயம் ஓய்ந்துவிடலாம். காஷ்மீரத்திலும், லாவோஸ், கம்போடியா நாடுகளிலும் இந்த நூற்றாண்டிலுங்கூட இத்தகைய குழந்தைகளை மருத்துவர்கள் கண்டிருக்கிறார்கள். தீட்டிய அரிசியே அங்கெல்லாம் முக்கிய உணவு. பிள்ளை பெற்றவளுக்குக் கடும் பத்தியமும் உண்டு.

தயமின் என்னும் வைட்டமின் பி-1 குறைவதே காரணம். நமக்கு நாளொன்றுக்கு வேண்டியது ஒரு மில்லிகிராமுக்குச் சற்று மேல், அவ்வளவுதான். உடல் இதை அதிகம் சேமித்து வைப்பதில்லை. வரவு நின்றால் இரண்டு மூன்று வாரங்களில் இருப்புத் தீர்ந்துபோகும். அடுப்பில் விறகு நிறைய இருந்தும் காற்றோட்டம் இல்லாவிட்டால் என்ன ஆகும்? தீ எரியாது, புகைதான் மண்டும். அவ்வாறே தயமின் இல்லாத உடலில் சர்க்கரை முழுவதும் எரியாமல் அமிலமாகத் தேங்குகிறது. ஓயாமல் உழைக்கும் இதயமும் மூளையுமே முதலில் தவிக்கின்றன. இதயத்தை முறிக்கும் கடும் வகையை ஜப்பானியர் ‘ஷோஷின்’ என்றனர்.

இரத்தத்தில் தயமின் அளவைச் சோதித்து முடிவு வரப் பல நாட்கள் ஆகும். நோயாளி அதுவரை காத்திருக்கமாட்டார். ஆகவே, சந்தேகம் எழுந்தவுடன் ஊசி மருந்தைச் செலுத்திவிட்டுப் பிறகு ஆராய்வதே முறை. மருந்தின் விலை சொற்பம். மிகையானால் சிறுநீரில் கழிந்துவிடும். ஒவ்வாமை மிக அரிது. காலையில் பிழைக்காது என்று கைவிட்ட குழந்தை மாலையில் பால் குடிப்பதுண்டு. மருத்துவத்தில் இத்தகைய காட்சி அபூர்வம்.

இந்நோயின் வரலாற்றில் நம்மவர்க்கும் ஓர் இடம் உண்டு. மலாயாவில் ஈயச் சுரங்கத்துச் சீனத் தொழிலாளர் பெரிபெரியால் ஏராளமாக மடிந்தபோது, அதே நாட்டில் உழைத்த தமிழர்களை அது அவ்வளவாக அண்டவில்லை. சீனர் உண்டது தீட்டிய வெள்ளைப் பச்சரிசி. தமிழர் உண்டது புழுங்கலரிசி. கோலாலம்பூர் மனநோய் விடுதியில் வில்லியம் பிளெட்சர் என்னும் மருத்துவர் 1905-ஆம் ஆண்டின் இறுதியில் இதைச் சோதிக்கத் தொடங்கினார். நோயாளிகளை வரிசையில் நிற்கவைத்து, ஒற்றைப்படை எண்ணினரை ஒரு புறமும் இரட்டைப்படை எண்ணினரை மறு புறமும் பிரித்தார். ஒரு சாராருக்குப் பச்சரிசி, மற்றவர்க்குப் புழுங்கலரிசி. இடத்தின் கோளாறோ என்ற ஐயம் எழாதிருக்க, நடுவில் இரு சாராரின் கட்டடங்களையும் மாற்றினார். ஓராண்டில் பச்சரிசி உண்டவர்களில் 18 பேர் பெரிபெரியால் மாண்டனர்; புழுங்கலரிசிப் பக்கத்தில் ஒருவரும் சாகவில்லை. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது என்பதைப் பின்வந்தவர்கள் விளக்கினார்கள். நம் பாட்டிமார் அதை அறிந்தா அவித்தார்கள்? உமி எளிதில் கழலும், அரிசி நொறுங்காது என்பதற்காக அவித்திருப்பார்கள். பயன் என்னவோ நமக்குக் கிட்டியது.

ஆயினும், புழுங்கலரிசி உண்ணும் நாட்டில் இந்த ஆபத்தே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. மதுவுக்கு அடிமையாகிச் சோற்றை மறந்தவர், மசக்கை வாந்தியால் வாரக்கணக்கில் ஒன்றும் தங்காத கர்ப்பிணி, இரைப்பையில் அறுவை செய்துகொண்டவர் ஆகியோரை இது மூளையில் தாக்குவதுண்டு. பார்வை இரட்டிக்கும், நடை தள்ளாடும், பேச்சுக் குழம்பும். மூன்றும் சேர்ந்து வருவது குறைவு. ஒன்று தோன்றினாலே போதும். குடிகாரனின் உளறல் என்று ஒதுக்கப்பட்டவர் எத்தனை பேரோ! கார்ல் வெர்னிக்கே 1881-ல் முதன்முதலாக விவரித்த மூவரில் ஒருத்தி, குடியால் அன்று, ஓயாத வாந்தியால் நோயுற்றவள். சிகிச்சை தாமதித்தால் உயிர் தப்பினாலும் நினைவாற்றல் திரும்பாமற் போகலாம்.

இவர்களைப் போன்றவர்க்கு, சோர்வு நீங்கட்டும் என்று குளுகோஸ் மட்டும் ஏற்றுவது, புகையும் அடுப்பில் மேலும் விறகைத் திணிப்பதாகும். குளுகோஸ் கூடாது என்பதில்லை. இரத்தத்தில் சர்க்கரை தாழ்ந்தவர்க்கு அதைத் தாமதிக்கவும் கூடாது. தயமின் அதற்கு முன்போ அதனுடனோ செல்லவேண்டும். ஆகையால், நோயாளியுடன் செல்பவர்கள், அவர் எத்தனை நாளாகச் சரியாக உண்ணவில்லை, எத்தனை நாளாக வாந்தி, குடிப்பழக்கம் உண்டா என்பவற்றை மருத்துவர் கேட்குமுன்பே சொல்லிவிட வேண்டும். கூச்சப்பட்டு மறைப்பதற்கு அது நேரமன்று.

முதலில் சொன்ன குழந்தைக்கு ஊசி போட்டதோடு வேலை தீர்ந்துவிடுவதில்லை. தாய்ப்பாலில் தயமின் இல்லாததனாலேயே அதற்கு இந்நிலை வந்தது. தாய் பார்வைக்கு நல்ல சுகமாகவே இருப்பாள். கேட்டால், பாதம் மரத்துப்போகிறது என்று சொல்லக்கூடும். அவளுக்கும் அன்றே மருந்து தொடங்கவேண்டும்.