கல்லக்குடி: ஒரு பெயர்ப்பலகையின் வரலாறு



திருச்சிராப்பள்ளியினின்று அரியலூர் நோக்கிச் செல்லும் தொடர்வண்டித் தடத்தில், இலால்குடியைக் கடந்தபின் வருவது கல்லக்குடி பழங்காநத்தம் என்னும் சிறு நிலையம். விரைவு வண்டிகளுட் பல அங்கு நில்லாமலே ஓடிவிடும். ஏறி இறங்குவோர் கூட்டமும் பெரிதன்று. எனினும், ஊர்ப்பெயருக்காகக் குருதி சிந்தப்பெற்ற நிலையம் அது.

அவ்வூர் சுண்ணக்கல் மலிந்த நிலம். சிமெண்டு எனப்படும் பைஞ்சுதைக்கு அக்கல்லே முதற்பொருள். 1939இல் வடநாட்டு டால்மியா குழுமத்தார் அங்கு ஆலை நிறுவினர். ஆலை வந்தது குற்றமன்று; அதனாற் பலர்க்கு வேலை கிடைத்தது. ஆயின், ஆலையோடு பெயரும் வந்தது. கல்லக்குடி டால்மியாபுரமாயிற்று. நிலையத்துப் பலகையும் அப்பெயரையே தாங்கிற்று. பொருளீட்ட வந்தவர் பெயர் நின்றது. வழிவழியாக வாழ்ந்தவர் வழங்கிய பெயர் மறைந்தது.

1953 சூலையில் திராவிட முன்னேற்றக் கழகம் மும்முனைப் போராட்டம் நிகழ்த்திற்று. குலக்கல்வித் திட்டத்தை எதிர்த்தல் ஒன்று. போராடியோரை 'நான்சென்சு' என்று இகழ்ந்த தலைமையமைச்சர் நேருவுக்கு மறுப்புக் காட்டல் மற்றொன்று. கல்லக்குடியின் பெயரை மீட்டல் மூன்றாவது. அப்போது 29 அகவையினரான மு. கருணாநிதி தொண்டரோடு நிலையத்துட் புகுந்து, டால்மியாபுரம் என்னும் எழுத்தின்மேற் கல்லக்குடி என்று எழுதிய தாளை ஒட்டினார். பின்னர் அனைவரும் தண்டவாளத்திற் படுத்தனர்; தளைப்படுத்தப்பட்டனர். பாவலர் கண்ணதாசனும் இப்போராட்டத்திற் சிறை சென்றார். அன்று நிகழ்ந்த துப்பாக்கிச் சூட்டில் இருவர் மாண்டனர்.

தாளை ஒட்ட ஒரு நொடி போதும். பலகை மாறுதற்கோ, 1967இல் ஆட்சியே மாற வேண்டியிருந்தது.

ஒரு பலகைக்காக உயிரைக் கொடுப்பதா என்று வினவுவாரும் உளர். அவர்க்கு அவ்வூர்ப் பாறையே விடை கூறும். அங்குள்ள பாறையடுக்கு ஒன்று ஏறத்தாழப் பத்துக்கோடி ஆண்டுப் பழைமையுடையது. பவளமும் கடற்பாசியும் படிந்து இறுகிய பழங்கடலின் அடித்தளம். அதற்கு நிலவியல் நூல்கள் வழங்கும் பெயர் யாது? டால்மியாபுரப் படிவு! பத்துக்கோடி ஆண்டுப் பாறைக்கு, இன்னும் ஒரு நூற்றாண்டும் நிரம்பாத ஆலையின் பெயர்! நிலவியலாரை நோவதிற் பயனில்லை. தம் காலத்தில் வழங்கிய பெயரையே அவர் எழுதினர். ஆலையின் அஞ்சல் முகவரியும் இன்றளவும் டால்மியாபுரமே.

பெயர் பலகையோடு நிற்பதன்று. பலகையினின்று பயணச்சீட்டுக்கும், சீட்டினின்று முகவரிக்கும், முகவரியினின்று நூலுக்கும் அது பரவும். பலகையை மாற்றிய பின்னும் நூலை மாற்றல் அரிது. ஆதலின் பெயர் மாறும் முதல் நாளிலேயே தடுத்தல் வேண்டும். அந்நாளில் வாளாவிருந்தால், பின்னர் உயிர் கொடுத்தும் முழுதும் மீட்க இயலாது.

அவ்வழிச் செல்லும் பெருமக்களே, அப்பலகையைக் காணுங்கால் பிள்ளைகட்குக் காட்டுக. இருவர் மாண்டதையும் கூறுக. அவ்வூர்க்கு மடல் விடுக்குங்கால் கல்லக்குடி என்றே எழுதுக. பின்னர் உம் ஊர்க்குத் திரும்பி, அங்குள்ள பலகையையும் ஒருமுறை கூர்ந்து படிக்க!