ஒல்லாந்தைக் கடல் கொண்ட இரவு

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சின் எழுத்துருவம்)



இயற்கையின் சீற்றம் என்னும் பொருளிலே இருபது நிமிடம் பேசும்படி செயலாளர் அவர்கள் என்னைக் கேட்டபொழுது, அவர் மனத்தில் இருந்தவை நமது நாட்டுச் சூறாவளிகளாகத்தான் இருக்கவேண்டும். ஆனால் 1964ஆம் ஆண்டு மார்கழிப் புயலையும், 1978ஆம் ஆண்டு மட்டக்களப்பைச் சூறையாடிய காற்றையும் கண்ணாற் கண்ட பெரியோர் இச்சபையிலே வீற்றிருக்கிறார்கள். அவர்கள் முன்னிலையில் அவற்றைப் பற்றி நான் பேசுவது கொல்லத் தெருவில் ஊசி விற்பதாகும். ஆகவே, எனக்கும் அவர்களுக்கும் ஒரே அளவு தூரமான ஓரிடத்துக்குப் போகிறேன். அது ஒல்லாந்து தேசம், ஆண்டு 1953, மாதம் நம் கணக்கில் தை.

ஒல்லாந்து என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது ஒரு பையன். நான் மிஷன் பாடசாலையில் கீழ்வகுப்பில் படித்த காலத்தில், ஆங்கில வாசிப்புப் புத்தகத்தில் அவன் இருந்தான். கடலணையில் ஒரு சிறு துவாரத்தைக் கண்டு, அதிலே தன் விரலைச் செருகி, இரவு முழுவதும் குளிரில் விறைத்து நின்று நாட்டைக் காப்பாற்றிய பையன். "நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்?" என்று ஆசிரியை கேட்டார். நானும் விரலை வைப்பேன் என்றேன், மெச்சினார்கள். பின்னர்தான் தெரிந்தது, அந்தக் கதையைப் பரப்பியவர் மேரி மேப்ஸ் டொட்ஜ் என்ற அமெரிக்கப் பெண்மணி என்பதும், 1865இல் அவர் எழுதிய நூலில் அது வந்தது என்பதும், எழுதும்போது அவர் ஒல்லாந்தைக் கண்டதே இல்லை என்பதும். உண்மையான ஒல்லாந்திலே அணை எப்படி உடைந்தது, யார் அதன்முன் நின்றார்கள் என்பது வேறு கதை. அதைத்தான் சொல்லப்போகிறேன்.

அந்நாட்டின் தென்மேற்கு மூலையில் ஸேலந்து என்றொரு மாகாணம் இருக்கிறது. பெயரின் பொருளே கடல்நாடு என்பதாம். ஆற்று முகங்களுக்கு இடையே சிதறிக் கிடக்கும் தீவுகளும் தீபகற்பங்களும் அது. அதன் தலைநகர் மிடில்பேர்க். இந்தப் பெயர் நமக்குப் புதிதன்று. 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் நமது தீவுகளுக்குத் தம்மூர்ப் பெயர்களைச் சூட்டினார்கள். நெடுந்தீவு டெல்ஃப்ட் ஆயிற்று. காரைதீவு அம்ஸ்ரர்டாம் ஆயிற்று. புங்குடுதீவு மிடில்பேர்க் ஆயிற்று. புங்குடுதீவைக் கண்டவனுக்குத் தன் ஊர் நினைவு வந்ததோ என்னவோ!

ஸேலந்து மக்கள் உழவர்களும் மீனவர்களும். கடலைச் சுற்றி அணை கட்டி, உள்ளிருந்த நீரை இறைத்து, மீட்ட நிலத்தில் கோதுமையும் கிழங்கும் பயிரிட்டு, மாடு வளர்த்து வாழ்ந்தார்கள். அப்படி மீட்ட நிலத்துக்குப் போல்டர் என்று பெயர். நிலம் பல இடங்களில் கடல் மட்டத்துக்குக் கீழே கிடக்கிறது. அணை மண்ணாலும் களியாலும் ஆனது. மேலே புல் வளர்ந்திருக்கும். கடலைப் பார்த்த பக்கத்தைக் கல்லிட்டுக் காத்தார்கள். ஊரைப் பார்த்த பக்கத்தை அவ்வளவு கவனிக்கவில்லை. அது செங்குத்தாக இருந்தது. பையனின் கதை பிழைப்பது இங்கேதான். அன்று அணைகளிற் பெரும்பாலானவை முன்னால் துளைபட்டு உடையவில்லை. அலை மேலால் வழிந்து, பின்பக்கத்து மண்ணை ஊறவைத்துச் சரித்தது. முதுகு போனபின் முகம் எவ்வளவு நேரம் நிற்கும்? உள்ளே தூங்கியவர்களின் பக்கமிருந்தே அணை கரைந்தது.

அணைகள் போதிய உயரமில்லை என்பது பொறியியலாளருக்குத் தெரியாததன்று. யொஹான் வான் வேன் என்ற அரசாங்கப் பொறியியலாளர் போருக்கு முன்பிருந்தே கணக்குப் போட்டு இதைச் சொல்லிவந்தார். உண்மையைச் சொல்லியும் எவரும் நம்பாத கிரேக்கக் கதைப் பெண்ணாகிய கசாந்திராவின் பெயரைப் புனைபெயராக அவர் வைத்துக்கொண்டார் என்றால் அவருடைய மனநிலையை நாம் ஊகித்துக்கொள்ளலாம். போரினால் நொந்த நாடு. வீடு கட்டவும் தொழிற்சாலை கட்டவும் பணம் வேண்டியிருந்தது. அணை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போயிற்று.

அந்த ஆண்டு தைப் பூரணை ஜனவரி 29ஆந் தேதி வந்தது. பூரணைக்கு இரண்டொரு நாள் கழித்து வற்றுப்பெருக்கு மிகப் பெரிதாக இருக்குமென்பது நம் மீனவர்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அதே நாட்களில் ஐஸ்லாந்துக்குத் தெற்கே தோன்றிய ஒரு தாழமுக்கம் ஸ்கொத்லாந்தின் வடமுனையைச் சுற்றிக்கொண்டு வடகடலில் இறங்கிற்று. 31ஆந் தேதி சனிக்கிழமை பகலிலேயே அது அயர்லாந்துக்கும் ஸ்கொத்லாந்துக்கும் இடையே சென்ற பிரின்சஸ் விக்ரோறியா என்ற கப்பலை மூழ்கடித்தது. 130க்கு மேற்பட்டோர் மாண்டனர். பிறகு காற்று வடமேற்கிலிருந்து திரும்பாமல் வீசிக்கொண்டே இருந்தது. வடகடல் வடக்கே அகன்றும் தெற்கே ஒடுங்கியும், ஆழங் குறைந்தும் கிடப்பது. புனலில் ஊற்றிய நீர்போல முழுக்கடலும் அந்த ஒடுங்கிய வாயை நோக்கித் தள்ளப்பட்டது. ஸேலந்தின் விளிசிங்கன் துறைமுகத்தில் நீர் வழக்கமான அளவுக்கோட்டுக்கு மேல் 4.55 மீற்றர் ஏறியது.

அன்பர்களே, இதுவரை சொன்னது காற்றின் கதை. இனிச் சொல்லப்போவதே என்னைத் தூங்கவிடாத பகுதி.

அந்த வெள்ளம் ஒல்லாந்துக்கு முதலில் வரவில்லை. இங்கிலாந்தின் கிழக்குக் கரைக்கே முதலில் வந்தது. லிங்கன்ஷயர் என்ற மாவட்டத்தில் மாலை ஏழு மணியளவிலேயே கடல் ஊருக்குள் புகுந்துவிட்டது. அங்கிருந்து அது கரையோரமாகத் தெற்கே நகர்ந்து, நள்ளிரவுக்குப் பின்னரே தேம்ஸ் முகத்திலுள்ள கன்வி என்ற தீவை அடைந்தது. இடையே ஐந்தாறு மணி நேரம். தொலைபேசி இருந்தது, தந்தி இருந்தது, வானொலி இருந்தது. எனினும் வடக்கே நடந்தது தெற்கேயுள்ளவர்களுக்குச் சொல்லப்படவில்லை. கன்வியில் மாத்திரம் ஐம்பதுக்கு மேற்பட்டோர் இறந்தனர்; இங்கிலாந்து முழுவதிலும் கரையில் இறந்தோர் 307 பேர். கடலுக்கு அக்கரையில் இருந்த ஒல்லாந்தருக்கோ அந்தச் செய்தி எட்டவேயில்லை.

ஒல்லாந்து வானிலை நிலையம் சும்மா இருந்துவிடவில்லை. சனிக்கிழமை மாலையிலேயே, அபாயகரமான அளவுக்கு நீர் உயரும் என்று அறிவித்தது. அந்த அறிவிப்பு யாருக்குப் போயிற்று? தந்தி மூலம் அதைப் பெறுவதற்குப் பதிவுசெய்திருந்தவர்களுக்கு. அவர்கள் மிகச் சிலர். பதிவு செய்யாத கிராமத்துக்கு எச்சரிக்கையும் இல்லை. வானொலி மாலைச் செய்தியிற் சொல்லிற்று. நள்ளிரவில் வழக்கம்போல் ஒலிபரப்பை முடித்துக்கொண்டது. வாரக் கடைசியாதலால் காரியாலயங்கள் பூட்டிக் கிடந்தன. அடிக்கடி காற்று வீசும் தேசம் அது. காற்றுக்குப் பயந்து விழித்திருந்தால் அங்கே எவரும் உறங்க முடியாது. மக்கள் உறங்கினார்கள். ஞாயிறு அதிகாலை இரண்டு மணிக்குப் பிறகு அணைகள் ஒவ்வொன்றாகச் சரிந்தன.

சில ஊர்களில் ஆலயமணி அடித்தார்கள். கதவு கதவாகத் தட்டி ஓடியவர்களும் இருந்தார்கள். அப்படித் தட்டப்பட்ட வீட்டார் இரவு உடையோடு மேல்மாடத்துக்கும் கூரைக்கும் ஏறித் தப்பினார்கள். உறைகுளிர் மாதம் அது. விடிந்தபோது சுற்றிலும் கடல். தொழுவத்து மாடுகள் நின்ற நிலையிலேயே மாண்டு கிடந்தன.

ஆனால் விடிந்துவிட்டதல்லவா? உயிரோடு இருந்தார்கள் அல்லவா? நீர் சற்று வற்றியது. தோணிகள் வரும் என்று காத்திருந்தார்கள். வரவில்லை. ஏனெனில் தொலைபேசிக் கம்பிகள் அறுந்து போயிருந்தன. ஸ்கவன் டைவலந்து என்ற தீவிலே நூற்றுக்கணக்கானோர் சாகிறார்கள் என்பது அன்று பகல் அந்நாட்டின் மற்றப் பாகங்களுக்குத் தெரியாது. சேதி வராத ஊரில் சேதமில்லை என்றே எண்ணிக்கொண்டார்கள். உண்மையோ நேர்மாறானது. அதிகமாக அழிந்த ஊர்களே பேசமுடியாத ஊர்களாக இருந்தன.

ஞாயிறு பிற்பகலில் கடல் இரண்டாம் முறை வந்தது. உடைந்த அணைகள் தடுக்கவில்லை. பல இடங்களில் நீர் இரவைவிட உயர்ந்தது. ஓரிரவு முழுவதும் அலையில் அடிபட்ட சுவர்கள் அப்போது இடிந்தன. கூரைகள் ஆட்களோடு பிரிந்து தெப்பம்போல் மிதந்து, பிறகு சிதறின. இரவைத் தாங்கிய எத்தனையோ பேர் அந்தப் பிற்பகலைத் தாங்கவில்லை. ஔடே தொங்கே என்ற ஒரே கிராமத்தில் 300க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். நாடு முழுவதிலும் 1,836 பேர். சுமார் 72,000 பேர் வீடு விட்டு வெளியேற்றப்பட்டார்கள்.

முதல் வெள்ளத்தைக் கடலின் குற்றம் என்று நான் ஒப்புக்கொள்கிறேன். இரண்டாம் வெள்ளத்தின் சாவுகளை அப்படி ஒப்புக்கொள்ள என்னால் முடியவில்லை. இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரம் இருந்தது. ஸேலந்து மக்கள் பெரும் தெய்வபக்தர்கள். இதை ஆண்டவனின் தண்டனை என்று சொல்லித் தலைகுனிந்தவர்கள் அங்கே பலர். நம்மிலும் இதைக் கலியின் கோலம் என்று சொல்லி அமைதியடைவோர் உண்டு. அவர்களோடு வாதாட எனக்கு வயது போதாது. ஆனால் தந்திக்குப் பதிவு செய்யாததைக் கலியின் தலையிற் போடலாமோ என்பதை மட்டும் பணிவுடன் கேட்கிறேன்.

உதவி யாரால் வந்தது? முதலில் மீனவர்களால். உத்தரவுக்குக் காத்திராமல் தம் படகுகளை வயல்களுக்கு மேலால் செலுத்திக்கொண்டு வந்து கூரைகளிலிருந்து ஆட்களை இறக்கினார்கள். சேதியோ, பொழுதுபோக்காக வானொலிக் கருவி செய்து பழகிய சில தனி ஆட்களால் வெளியே போயிற்று. வேலையற்ற விளையாட்டு என்று வீட்டில் ஏச்சு வாங்கியிருக்கக்கூடிய கருவிகள். சில நாட்களுக்கு அந்தத் தீவுகளின் வாயும் செவியும் அவையே.

பையன் விரல் வைத்த கதைக்கு ஒரு மெய்க்கதையும் அன்று நடந்தது. றொற்றர்டாமுக்கு அருகே இசல் என்ற ஆற்றங்கரையில் அணை கரைந்து பிளவுபட்டது. அது முற்றாகப் போயிருந்தால், அதற்குப் பின்னே கிடந்த தாழ்நிலத்தில் வாழ்ந்த இலட்சக்கணக்கானோரின் கதி என்னவென்று சொல்லவேண்டியதில்லை. அவ்வூர் நகரபிதா, ஆற்றில் நின்ற ஒரு சரக்குப் படகின் தலைவரை அழைத்து, உன் படகை அந்த வாயிற் செருகு என்றார். ஆரி எவக்ரூன் என்பது அவர் பெயர். "இரு சகோதரர்" என்பது படகின் பெயர். நீரின் வேகம் இழுக்கப் படகைப் பக்கவாட்டாகத் திருப்பிப் பிளவின் குறுக்கே கதவுபோல் சாத்திவிட்டார் அவர். அது நின்றது. விரலன்று; அவருடைய பிழைப்பு முழுவதும் அதுவே.

மீட்சி வேலையை விரிக்க நேரமில்லை. உவர் ஏறிய மண்ணைப் பற்றி ஒரு வார்த்தை மட்டும். உவர்க் கிணறு கண்ட நமக்கு அது விளங்கும். கடல்நீர் நின்ற களிநிலம் இறுகிப் பயிருக்கு உதவாமற் போய்விடும். ஜிப்சத்தைத் தூவி, மழையால் உப்பைக் கழுவி, பொறுமையாகவே அதைத் திருப்பினார்கள். கடைசி உடைப்பு ஔவர்கேர்க் என்ற ஊரில் 1953 நவம்பர் மாதத் தொடக்கத்திலேதான் மூடப்பட்டது. நோர்மண்டிப் படையிறக்கத்துக்காக உலகப்போரிற் செய்த கொங்கிறீற் பெட்டகங்களில் மிஞ்சியவை நான்கை அங்கே இறக்கினார்கள். பிறகு வான் வேனின் திட்டத்தைத் தூசி தட்டி எடுத்தார்கள். வெள்ளம் வடியுமுன்பே குழு அமைந்தது, 1958இல் சட்டமாயிற்று, 1986இல் கிழக்கு ஸ்கெல்ட் முகத்தில் 62 கதவுகள் கொண்ட பெருந்தடுப்புத் திறக்கப்பட்டது. புகழ்வோர் எல்லாரும் அந்தக் கதவுகளைப் புகழ்கிறார்கள். நியாயந்தான். ஆனால் அவை நமக்கு எட்டாதவை. எட்டக்கூடியது அந்தப் பன்னிரண்டு மணி நேரம்.

2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆந் தேதி நடந்ததை இங்கே விவரிக்கத் தேவையில்லை. அதுவும் ஞாயிறு, அதுவும் பூரணை. சுமாத்திராவில் நிலம் அதிர்ந்ததற்கும் நமது கிழக்குக் கரையில் அலை ஏறியதற்கும் இடையே ஏறக்குறைய இரண்டு மணி நேரம் இருந்தது. இத்தீவில் 30,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். அன்று என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடியவர் என் அம்மா. ஓடும்படி அவருக்குச் சொன்னது வானொலியன்று. சைக்கிளில் கத்திக்கொண்டு போன, இன்றுவரை யாரென்று தெரியாத ஒரு தம்பி.

இப்போது எல்லார் கையிலும் தொலைபேசி இருக்கிறது என்பீர்கள். காற்று வீசிய இரவில் மின்சாரம் போனபின் அது எத்தனை மணி நேரம் பேசும் என்பதை நாம் ஒவ்வொருவரும் அனுபவத்தில் அறிவோம். ஆகவே நிர்வாக சபைக்கு இரண்டு விண்ணப்பங்களை வைக்கிறேன். தனியே வாழும் முதியோரின் வீடுகளுக்கு ஒழுங்கை ஒழுங்கையாக ஒரு பட்டியல் எழுதி, ஒவ்வொரு ஒழுங்கைக்கும் கதவு தட்ட இருவரை நியமிக்கவேண்டும். என் ஒழுங்கைக்கு என் பெயரை இன்றே எழுதிக்கொள்ளலாம். மற்றது, நமது சங்கத்து ஒலிபெருக்கி. நேற்று அறையைத் திறந்து பார்த்தேன். சென்ற திருவிழாவுக்குப் பிறகு அதன் பற்றறிக்கு மின்னேற்றவில்லை. திறப்பு யாரிடம் இருக்கிறது என்பதை மூன்று பேரிடம் கேட்டுத்தான் அறியவேண்டியிருந்தது.