கற்பனை ஏடும் முதிர்ந்த ஆட்டக்காரரும்

அமெரிக்கருடைய உதைபந்தாட்டத்திற் காலுக்கு வேலை குறைவு. பந்து பெரும்பாலும் கையிலேயே இருக்கும். எறியப்படும் பந்தை ஓடிச்சென்று ஏந்துபவரை அங்கு றிசீவர் என்பர். அவ்வாட்டத்தின் நிழலாக வேறோர் ஆட்டமும் உண்டு. ஓக்லாந்து அணியின் பங்காளருள் ஒருவரான பில் விங்கன்பாக் என்பவர் 1962 இல் நண்பருடன் கூடி வகுத்த கற்பனை ஆட்டம் அது. சிலர் ஒன்றுகூடி, மெய்யான ஆட்டக்காரரைப் பெயரளவிற் பங்கிட்டுக் கொள்வர். அவ்வாட்டக்காரர் களத்தில் ஈட்டுவன இவர்களுடைய ஏட்டிற் புள்ளிகளாகும். இன்று பரவலாக வழங்கும் முறையொன்றின்படி, பிடித்த பந்து ஒன்றுக்கு 1 புள்ளி. கடந்த 10 கெஜத்துக்கு 1 புள்ளி. பந்துடன் எல்லைக்கோட்டை அடைந்தால் 6 புள்ளி.

இந்த ஏடு முதுமையை எவ்வாறு கணிக்கின்றது? அரிசோனா கார்டினல்ஸ் அணியின் லறி பிற்ஸ்ஜெரல்டை நோக்குவோம். 2004 முதல் 2020 வரை பதினேழு பருவங்களும் ஒரே அணிக்கு ஆடியவர் அவர். பிடித்த பந்துகள் 1,432. அவர் ஆடி முடித்தபோது அத்தொகையில் அவரை விஞ்சி நின்றவர் ஜெறி றைஸ் ஒருவரே.

2014 இல் அவர் 63 பந்துகளையே பிடித்தார். எல்லைக்கோட்டை அடைந்தது இருமுறை மாத்திரம். முப்பதைத் தாண்டிய றிசீவரைக் கற்பனை அணியினர் ஐயத்துடன் நோக்குவது வழக்கம். இத்தகைய கணக்கைக் கண்டபின் கேட்கவும் வேண்டுமோ? ஆயின் மறு பருவத்திலேயே 109 பந்துகள், 1,215 கெஜம். அடுத்த ஈராண்டிலும் நூறுக்கு மேல். கால்வேகம் குறைந்தவரைப் பயிற்றுநர் புறூஸ் ஏரியன்ஸ் களத்தின் ஓரத்திலிருந்து உட்புறத்துக்கு நகர்த்தியிருந்தார். வேகம் விட்ட இடத்தை விரலும் விவேகமும் நிரப்பின.

பின்னர் வந்தது மெய்யான சரிவு. 2020 இல் 13 ஆட்டங்களில் 54 பந்துகள், 409 கெஜம். எல்லைக்கோட்டை அடைந்தது ஒரே முறை. பந்து பிடித்ததற்கான புள்ளிகளை மட்டும் கூட்டினால், 2015 இல் 284 ஐத் தாண்டியவர் இப்போது 101 ஐயும் எட்டவில்லை. வயது முப்பத்தேழு என்பது உண்மையே. எனினும் வயது மட்டுமா காரணம்? அவ்வாண்டு அணிக்குப் புதிதாக வந்த டீஅன்ட்றே ஹொப்கின்ஸ் 115 பந்துகளைப் பிடித்தார். எறிபவர் கை அவர் பக்கம் திரும்பிற்று. கைக்கு வராத பந்தை எவரும் பிடித்தல் இயலாது. ஏட்டுக்கோ வராத பந்தும் தவறவிட்ட பந்தும் ஒன்றே.

இங்கு இன்னொன்றும் நினைக்கத்தக்கது. 2008 ஆம் ஆண்டுப் பருவத்தின் இறுதிச் சுற்றுகளில், நான்கே ஆட்டங்களில் 546 கெஜமும் ஏழு முறை எல்லைக்கோடும் கண்டு சாதனை நிறுவியவர் அவர். அவை நிகழ்ந்தது 2009 சனவரியிலும் பெப்ரவரி முதல் நாளிலும். கற்பனை ஆட்டங்களிற் பெரும்பாலானவை அதற்கு முன்பே கணக்கை மூடிவிடும் வழக்கமுடையவை.

ஆதலின் 2020 இல் அவரை விலக்கிய கற்பனை அணியினரை நன்றி கொன்றவர் என்றல் பொருந்தாது. அவர்கள் வாங்கியது புள்ளியை, மனிதனை அன்று. மெய்யான அணியோ அப்பருவத்திலும் அவரைக் களமிறக்கியது. பிறர் பந்துடன் ஓடும்போது எதிரியை மார்பால் மறித்து வழிவிடுவதில் அவர் பேர்பெற்றவர். அதற்கென்று ஏட்டில் ஒரு பத்தி இல்லை.