பாட்டு யாருக்குச் சொந்தம்?

(ஸ்ரீவைகுண்டத்தில் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



"செல்போன்ல பாட்டுப் போடுத பயலுவளப் பத்திப் பேசுங்கண்ணே"ன்னு கூட்டத்தை ஏற்பாடு செஞ்ச தோழர்கள் கேட்டாங்க. இது ஒரு பேச்சான்னு பெரியவங்க சில பேர் முகத்தைச் சுளிக்கதைப் பார்க்கேன். பஞ்சமி நிலம், கூலி, வன்கொடுமைச் சட்டம் என்று பேசவேண்டிய இடத்தில் பாட்டு எதற்கு என்று நினைக்கலாம். பேசித்தான் ஆகணும். ஏன்னா நம்ம நிலத்தைப் பிடுங்கினவன் நிலத்தோட நிக்கல. நம்ம குரலையும் சேர்த்துத்தான் பிடுங்கினான். அந்தக் குரல் இன்னைக்கு ஒரு கைப்பிடி அளவுப் பொட்டியில திரும்பி வருது. அதை வச்சுக்கிட்டு நாம என்ன செய்யப் போறோம் என்பதுதான் கேள்வி.

நம்ம காலனிகளில் நடப்பது உங்களுக்கே தெரியும். வேலைக்குப் போயிட்டு வந்த பையன் ராத்திரி போர்வையைப் போர்த்திக்கிட்டு, வெளிச் சத்தம் கேக்காம, போன்ல பாடிப் பதியுதான். இன்னொருத்தன் பிளாஸ்டிக் குடத்துல தாளம் போட்டு அனுப்புதான். ஏரல்ல இருக்கவன் ஒரு சரணம் எழுதுதான், கருங்குளத்துல இருக்கவன் அதுக்கு மெட்டைத் திருத்துதான். திருப்பூர்ல பனியன் கம்பெனிக்குப் போனவன் அங்கிருந்து பாடி அனுப்புதான். வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது, யூடியூபில் ஏறுகிறது. இவன் எவனும் பாட்டு வாத்தியாரிடம் படித்தவன் இல்லை. யாரும் காசு கொடுப்பதும் இல்லை. ஒருத்தன் பாட்டை இன்னொருத்தன் கேட்டு, நல்லாயிருக்குன்னு சொல்லி, தன் பாட்டைத் திருப்பி அனுப்புதான். அவ்வளவுதான்.

இது சாதாரண விஷயம் இல்லை தோழர்களே. குரலைப் பதிவு செய்யும் உரிமை யார் கையில் இருந்தது என்று கொஞ்சம் திரும்பிப் பார்ப்போம்.

1902ல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் பாடியதை இசைத்தட்டில் பதிந்தார்கள். அன்றிலிருந்து யாரைப் பதிவது, எதை விற்பது என்று தீர்மானித்தது கம்பெனி. பிறகு வானொலி வந்தது. குரல் தேர்வு என்று வைத்தார்கள். தேர்வு செய்கிறவர் யார், அவர் காதுக்கு எது சங்கீதம் என்பதை நான் சொல்லவேண்டியதில்லை. 1940ல் ஆர்மோனியத்தையே தடை செய்த வானொலி அது. 1971 வரை அந்தத் தடை இருந்தது. ஆர்மோனியத்துக்கே அந்தக் கதின்னா தப்புக்கும் உறுமிக்கும் என்ன கதி? நாட்டுப்புறப் பாடல் என்று ஒரு மூலையில் நேரம் ஒதுக்கினார்கள். அதிலேயும் சாமி வரலாம், காதல் வரலாம், கூலி வரக்கூடாது. ஊர்ச் சாவுக்கெல்லாம் நம்ம பறை வேணும், ஸ்டூடியோவுக்குள்ள மட்டும் அது வரக்கூடாது.

பாட்டு நம்ம வாயை விட்டு அடுத்தவன் ஏட்டுக்குப் போனால் என்ன ஆகும் என்பதற்கு நம்ம ஆத்துக்கரையிலேயே சாட்சி இருக்கிறது. முத்துப்பட்டன் கதையை வில்லுப்பாட்டில் கேட்டிருப்பீங்க. பாபநாசம் மலையில், சொரிமுத்தையனார் கோயிலில், பட்டவராயன் என்று இன்றைக்கும் கும்பிடப்படுகிறவன். பிராமணப் பையன், அருந்ததியர் பெண்களான பொம்மக்காவையும் திம்மக்காவையும் விரும்பி, பூணூலை அறுத்து, செருப்புத் தைத்து, மாடு காத்துச் செத்தவன். நாங்குநேரிக்காரரான நா. வானமாமலை இந்தக் கதையைப் பதிப்பித்தபோது ஒன்றைச் சுட்டிக்காட்டினார். அந்தப் பெண்கள் உண்மையில் பிராமணருக்குப் பிறந்தவர்கள், காட்டில் கிடந்ததை அருந்ததியர் எடுத்து வளர்த்தார்கள் என்று பின்னாடி ஒரு செருகல் கதைக்குள் நுழைந்திருக்கிறது. எவ்வளவு தந்திரம் பாருங்க! அவன் சாதியை விட்டதும் பொய்யாப் போச்சு, அவளுடைய பிறப்பும் பொய்யாப் போச்சு. ஒரு வரியைச் செருகினால் போதும், ஒரு கலகத்தையே கல்யாணப் பத்திரிகையாக மாற்றிவிடலாம்.

ஆகவே பாட்டைப் பாடினால் மட்டும் போதாது. பதிவும் நம்ம கையில் இருக்கணும். முதன்முதலாக அதற்கு வழி திறந்தது கேசட். பிலிப்ஸ் கம்பெனி 1963ல் கொண்டுவந்த சாமான். நம்ம தெருவுக்கு அது வந்து சேர இருபது வருஷத்துக்குக் கிட்ட ஆச்சு. வளைகுடாவுக்கு வேலைக்குப் போனவங்க டூ இன் ஒன் டேப்போடு வந்து இறங்கின காலம். சினிமாப் பாட்டுக் கேசட்டின் மேல்விளிம்பில் பிய்ந்திருக்கும் ஓட்டையைக் காகிதம் வைத்து அடைத்தால் அதன்மேலேயே பதியலாம் என்று கண்டுபிடித்தவர்கள் நம்ம பையன்கள். எங்க அத்தை நாற்று நடும்போது பாடுகிற பாட்டை அப்படித்தான் பதிஞ்சோம். ரெண்டு பாட்டுக்கு நடுவுல பழைய சினிமாப் பாட்டு நாலு வரி எட்டிப்பார்க்கும். அந்தக் கேசட்டை வாங்கிப் போய் நகல் எடுத்தவர்கள் பக்கத்து ஊர்க்காரர்கள். நாலாவது நகலில் இரைச்சல்தான் பாதி. ஆனாலும் கேட்டார்கள். ஏன்னா டேப்புக்குள்ள இருந்து வந்தது அவங்க பேச்சு.

அந்தக் காலத்தில்தான் கே.ஏ. குணசேகரன் தன்னானே குழுவோடு மேடை மேடையாகப் பாடினார். கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25ல் 44 பேரை எரித்த கொடுமையை இன்குலாப் எழுத, குணசேகரன் குரலில் அது தமிழ்நாடு முழுக்கப் போனது. மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் இருந்த தியோபிலஸ் அப்பாவு, நம்ம பரட்டை அண்ணன், வழிபாட்டையே கிராமத்து மெட்டில் போட்டார். அவர் பாட்டுக்கு ஒரு கொள்கை இருந்தது. பாடுகிற சனம் வரியை மாற்றலாம், தாளத்தை மாற்றலாம், தன் ஊர்க் கதையைச் சேர்க்கலாம். எழுதினவன் கையில் பாட்டு சிக்கிக் கிடக்கக்கூடாது. செருகலைக் கண்டித்துவிட்டு இதைப் பாராட்டலாமா என்று ஒரு தம்பி கேட்கலாம். ரெண்டுக்கும் வித்தியாசம் உண்டு. அங்கே மாற்றினவன் நம்மை அழிக்க மாற்றினான், மாற்றினதை மறைத்தான். இங்கே மாற்றுகிறவன் கூடப் பாடுகிறவன், வெளிச்சத்தில் மாற்றுகிறான்.

மராத்தியத்திலும் இதுதான் நடந்தது. வாமன்தாதா கர்டக் போன்ற சாகிர்கள் அம்பேத்கரைப் பாட்டாகவே சனங்களிடம் கொண்டு சேர்த்தார்கள். பம்பாய்க் குடிசையில் வாழ்ந்த விலாஸ் கோக்ரே என்ற பாடகரை ஆனந்த் பட்வர்தன் 1985ல் எடுத்த படத்தில் பாட வைத்திருந்தார். 1997 ஜூலை 11ல் ரமாபாய் நகரில் அம்பேத்கர் சிலை அவமதிக்கப்பட்டதை எதிர்த்துக் கூடியவர்களைப் போலீஸ் சுட்டு 10 பேர் செத்தார்கள். அதைத் தாங்கமாட்டாமல் கோக்ரே தன் உயிரை மாய்த்துக்கொண்டார். 2011ல் வந்த 'ஜெய்பீம் காம்ரேட்' படத்தில் அவர் குரல் இன்றைக்கும் கேட்கிறது. ஒருத்தர் பதிந்து வைத்ததால் கேட்கிறது.

நம்ம கதை என்ன? 1995 ஆகஸ்ட் 31ல் கொடியங்குளத்தில் போலீஸ் புகுந்து வீடு வீடாக நொறுக்கியது. 1999 ஜூலை 23ல் மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காக ஊர்வலம் போனவர்களில் 17 பேர் நெல்லையில் தாமிரபரணியில் பிணமானார்கள். அன்றைக்கு எத்தனை அம்மாமார் ஒப்பாரி வைத்தார்கள்! எத்தனை பேர் பாட்டுக் கட்டினார்கள்! அதில் எத்தனை இன்றைக்கு நம்ம கையில் இருக்கிறது? அத்தை பாடின கேசட்டும் பூஞ்சை பிடித்து, நாடா ஒட்டிப் போய்விட்டது. அவளும் இல்லை. விசாரணைக் கமிஷன் அறிக்கை அரசாங்கத்திடம் பத்திரமாக இருக்கும். நம்ம ஒப்பாரி நம்மிடம் இல்லை.

இப்போது செல்போனுக்கு வருவோம். 2016க்குப் பிறகு டேட்டா மலிவாகி, காலனிப் பையன் கைக்கும் இணையம் வந்தது. அதற்கு முன்னாடியே அதன் பலத்தை அரசு புரிந்துகொண்டது. 2015 அக்டோபர் 30ல் மக்கள் கலை இலக்கியக் கழகத்தின் கோவனைக் கைது செய்து ராஜத்துரோக வழக்குப் போட்டார்கள். டாஸ்மாக்கை மூடச் சொன்ன பாட்டு இணையத்தில் பரவியதுதான் குற்றம். பஞ்சாபில் ஜின்னி மாஹி என்ற இளம்பெண், இழிவாகச் சொல்லப்பட்ட தன் சாதிப் பெயரையே பாட்டில் தூக்கிப் பிடித்து லட்சக்கணக்கானவர்களைக் கேட்க வைத்தார். 2018 ஜனவரியில் சென்னையில் 'கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' மேடையேறியது. கானாவும் ராப்பும் பறையும் சேர்ந்து இட ஒதுக்கீட்டைப் பாடின.

அங்கிருந்து வந்த அறிவுக்கு நேர்ந்ததையும் மறக்கக்கூடாது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தன் பாட்டியின் வாழ்க்கையை வைத்து வரிகள் எழுதி, பாடவும் செய்த 'எஞ்சாயி எஞ்சாமி' 2021 மார்ச்சில் வெளிவந்து உலகமெல்லாம் போனது. ஆனால் அதே ஆண்டு ஆகஸ்டில் ஒரு பெரிய இசைப் பத்திரிகையின் அட்டையில் அவர் முகம் இல்லை. பா. ரஞ்சித் கேள்வி கேட்டு, சத்தம் எழும்பிய பிறகுதான் அவருக்குத் தனி அட்டை வந்தது. பாட்டு வேணும், பாட்டுக்காரன் வேண்டாம். பறை வேணும், பறையடிக்கிறவன் தெருவோரம் நிக்கணும்னு சொன்ன அதே பழைய ஊர் வழக்கம்தான், புது அட்டை போட்டு வருது.

இனி நமக்குள்ளே பேசவேண்டிய சங்கதி. இதுதான் எனக்கு முக்கியம்.

நம்ம பள்ளத்தாக்கில் இதே போன், இதே தாளம், இதே போர்வை. சாதிப் பெருமைப் பாட்டும் இப்படித்தான் தயாராகிறது. வெட்டுவோம், ஆண்டோம், எங்களைத் தொட்டால் என்று மீசையும் அரிவாளும். அது கொடையில் ஒலிக்குது, ஸ்டேட்டஸில் ஓடுது, பள்ளிக்கூட பஸ்ஸுக்குள்ள கேக்குது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நம்ம வீட்டுப் பிள்ளையை அவன் வீட்டுக்குள்ளேயே புகுந்து வெட்டினவங்க பள்ளிக்கூடத்துப் பசங்க. தடுக்கப் போன தங்கச்சிக்கும் வெட்டு. அதன்பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் சாதிக் கயிறு, பள்ளிப் பெயரில் சாதி எல்லாம் ஒழியணும் என்றது. கயிற்றைக் கழற்றச் சொல்லலாம். காதில் மாட்டியிருக்கிற பாட்டை எப்படிக் கழற்றுவது?

நம்ம பையன்களில் சிலபேர் இதற்குப் பதில் என்று என்ன செய்யுதாங்க? அதே மெட்டை எடுத்து, சாதிப் பெயரை மட்டும் மாற்றி, நாங்களும் ஆண்ட பரம்பரைதான்லேன்னு பாடுதாங்க. கோபம் எனக்குப் புரிகிறது தம்பி. அடிபட்டவன் நிமிர்ந்து நிற்க ஒரு பாட்டுத் தேவை. ஆனால் ஒன்று கேட்கிறேன். நீ ஆண்டாய் என்றால் யாரை ஆண்டாய்? உனக்குக் கீழே யாரை நிறுத்திவைத்து அந்தப் பாட்டைப் பாடுகிறாய்? அருந்ததியர் பையனையா, புதிரை வண்ணார் பிள்ளையையா? ஏற ஏற மரியாதை, இறங்க இறங்க இழிவு, அதுதான் சாதி என்று அம்பேத்கர் காட்டினார். அந்த ஏணியில் ஒரு படி மேலே ஏறி நின்று பாடுவது விடுதலைப் பாட்டாகுமா? ஏணியை உடைக்கிற பாட்டுத்தான் நம்ம பாட்டு. பறை அடிக்கமாட்டோம் என்று மறுத்து ஊர்விலக்கத்தைத் தாங்கினவர்கள் நம்ம பெரியவர்கள். பிறகு அதே பறையை இழிவாக இல்லாமல் கலையாக எடுத்து மேடையில் முழக்கினவர்களும் நம்ம ஆட்கள்தான். ரெண்டுமே கலகம். ரெண்டிலேயும் 'நான் ஆண்டவன்' என்ற பேச்சே கிடையாது.

இன்னொன்று. இந்தக் குழுக்களில் தங்கச்சிமார் குரல் எங்கே? தாலாட்டு யார் கட்டினது? ஒப்பாரி யார் கட்டினது? நடவுப் பாட்டு? பாட்டுச் சொத்து முழுவதும் பெண்களுடையது, போன் மட்டும் ஆண்பிள்ளை கையில்! திண்டுக்கல்லில் சக்தி கலைக்குழுப் பெண்கள் பறையைத் தோளில் மாட்டி அடிக்கும்போது பார்த்தவர்களுக்குத் தெரியும், குறை பெண்களிடத்தில் இல்லை. ஒரு பெண் பாடி அனுப்பினால் பாட்டைப் பற்றிப் பேசாமல் படம் அனுப்பச் சொல்லுத பயல் இருக்க குழுவில் எவ பாடுவா? முதலில் அவனை வெளியேற்றுங்க.

கடைசியாகச் சில காரியங்கள். இதைச் செய்ய காசு வேண்டாம்.

பதிகிற ஒவ்வொரு பாட்டின் தொடக்கத்திலும் பாடினவர் பெயர், ஊர், தேதி மூன்றையும் வாயால் சொல்லிப் பதியுங்கள். பெயரைப் பிற்பாடு எவனும் பிய்த்தெறிய முடியாது. பெரியவர்கள் பாடியதை வெளியே விடுமுன் அவர்களிடம் கேளுங்கள். எல்லா ஒப்பாரியும் ஊருக்குப் போடவேண்டியது இல்லை. சினிமா மெட்டில் பாடினால் உரிமை கொண்டாடி கம்பெனி வரும், பாட்டை நிறுத்தும், வருகிற காசையும் எடுத்துக்கொள்ளும். தெம்மாங்கும் வில்லும் கணியான் மகுடமும் இருக்கிற மண்ணில் மெட்டுக்குப் பஞ்சமா? எடுத்ததை ஒரே இடத்தில் வைக்காதீர்கள். 2020 ஜூன் 29ல் டிக்டாக்கைத் தடை செய்தபோது, வேறு இடத்தில் எடுத்து வைக்காதவன் பாட்டெல்லாம் ஒரே ராத்திரியில் கைவிட்டுப் போனது. பென் டிரைவில் ஒன்று, இன்னொரு ஊர்த் தோழரிடம் ஒன்று. சாதியைத் தூண்டுகிற எதையும் அனுப்பாதீர்கள். போலீசுக்குப் பயந்து மட்டும் அல்ல, நம்ம கொள்கை அது.

நம்ம குரல் பாட்டாக இருக்கிறதா இல்லையா என்று சொல்ல இனி எந்தத் தேர்வுக் குழுவும் வேண்டாம். உங்கள் பக்கத்து ஊர்த் தோழன் கேட்டுவிட்டு, "இன்னொருக்கப் பாடுலே மக்கா"ன்னு சொல்லுதான் பாருங்க, அதுதான் சான்றிதழ். பாடுங்கள். பதியுங்கள். கொடுங்கள், வாங்குங்கள், பெயரோடு கொடுங்கள், பெயரோடு வாங்குங்கள்.

ஜெய்பீம்.