காந்தவூசி இடும் கோடுகள்

காந்த விசைக்கோடுகளை வரைதற்கு வேண்டுவன ஒரு சட்டக்காந்தமும், ஒரு சிறு திசைகாட்டியும், தாளும் பென்சிலுமே. தாளின் நடுவே காந்தத்தை அதன் வடமுனைவு வடக்கை நோக்குமாறு வைத்து, அம்முனைவின் அருகே திசைகாட்டியை வைத்தல் வேண்டும். ஊசியின் நுனி நிற்குமிடத்தில் ஒரு புள்ளி இடுக. பின்னர் ஊசியின் வால் அப்புள்ளியின்மேல் வருமாறு கருவியை நகர்த்தி, நுனிக்கு நேரே மறுபுள்ளி இடுக. இவ்வாறே தொடரின், காந்தத்தின் அருகே தொடங்கிய புள்ளிகள் வளைந்து சென்று தென்முனைவை அடையும். மேசையின் கீழே இரும்பு கிடப்பின் கோடு கெடும். இதனைப் பலர் மறந்துவிடுவர்.

இம்முறை மிகப் பழையது. 1269ஆம் ஆண்டு ஆகஸ்ட் 8ஆம் நாள், இத்தாலியின் லூச்சேரா நகரை முற்றுகையிட்ட படையின் பாசறையிலிருந்து, பீற்றர் பெரகிரினஸ் என்னும் பிரெஞ்சு அறிஞர் தம் நண்பரொருவருக்குக் கடிதம் வரைந்தார். உருண்டையாக்கிய காந்தக்கல்லின் மீது இரும்பூசியை வைத்து, அது கிடந்த வழியே கோடிட வேண்டும். வேறிடங்களிலும் அவ்வாறே செய்யின், கோடுகள் யாவும் இரு புள்ளிகளிற் கூடும் என்றார். அப்புள்ளிகளை முனைவுகள் என அழைத்தவரும் அவரே. ஆயினும், ஊசியைத் திருப்புவன வானத்தின் முனைவுகள் என்றே அவர் கருதினார். புவியே ஒரு பெருங்காந்தம் என 1600இல் நூலெழுதி நிறுவியவர் இங்கிலாந்தின் வில்லியம் கில்பேட்.

கில்பேட்டின் கூற்றுக்கு நம் தாளே சான்று தரும். காந்தத்தின் கிழக்கிலும் மேற்கிலும் ஓரோரிடத்தில் ஊசி திசையறியாது தடுமாறும். அங்கே காந்தத்தின் விசையும் புவியின் கிடைவிசையும் சமமாய் எதிர்த்து நிற்கின்றன. அவ்விடங்களே நடுநிலைப் புள்ளிகள்.

இலண்டனில் புவியின் விசை ஏறத்தாழ 66 பாகை சாய்ந்து நிலத்துள் இறங்கும். காந்த நடுக்கோட்டுக்கு அணித்தான இலங்கையிலோ அது பெரும்பாலும் கிடையாகவே உள்ளது. ஆதலின் நமது கிடைவிசை இலண்டனதினும் ஏறத்தாழ இருமடங்கு. நடுநிலைப் புள்ளிகளும் காந்தத்துக்கு அணித்தாக அமையும். ஆங்கிலேய நூலின் படத்தோடு ஒப்பிட்டு, தன் புள்ளிகள் பிழையென எண்ணி அழித்துவிடும் மாணாக்கன் உளன். அத்திருத்தத்தை மெச்சும் ஆசிரியரும் உளர். அது வருந்தத்தக்கது. அப்புள்ளிகளை அழியாது விட்டு, காந்தத்திலிருந்து அவற்றின் தூரத்தை அளந்தால், காந்தத்தின் வலிமை தெரிந்தவிடத்து, அவ்வூரின் கிடைவிசையையே அம்மாணாக்கன் கணக்கிட்டுவிடலாம்.