அல்டாப்ரா: அறிவு காத்த தீவு

 

உயிர்களைக் காப்பதற்கு இரக்கம் ஒன்றே போதுமா, அதனோடு அறிவும் வேண்டுமா என்பது சான்றோர் பலகாலும் எண்ணிய வினா. இந்தியப் பெருங்கடலின் தனிமையான மூலையொன்றில் நிறுவப்பட்ட ஒரு கடல்சார் ஆய்வுக்கூடத்தின் வரலாறு இவ்வினாவுக்கு நல்லதொரு விடையைத் தருகிறது. அந்த ஆய்வுக்கூடம் அமைந்த தீவின் பெயர் அல்டாப்ரா.

அல்டாப்ரா சீஷெல்ஸ் நாட்டைச் சேர்ந்தது. எனினும் அந்நாட்டின் தலைத்தீவான மாஹேயிலிருந்து 1,100 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. பவளப் பூச்சிகள் கட்டியெழுப்பிய வளையம் ஒன்று, நடுவே ஆழமற்ற பெருங்காயல் ஒன்று. இதுவே அதன் அமைப்பு. வளையத்தில் பிக்கார்ட், பாலிம்னி, மலபார், கிராண்ட் தேர் என்னும் நான்கு பெரிய தீவுகள் உள்ளன. நாள்தோறும் இருமுறை கடல்நீர் குறுகிய வாய்கள் வழியே காயலுள் பாய்ந்து, மீண்டும் வடிகிறது. காயலின் ஓரங்களில் அலையாத்திக் காடும், அடித்தரையில் கடற்புல்லும் செழித்துள்ளன. ஆவுளியா என்னும் கடற்பசு அங்கே மேய்கிறது. நிலத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பேருருவ நில ஆமைகள் வாழ்கின்றன. பறக்கும் ஆற்றலை இழந்த கானாங்கோழி இனம் ஒன்றும் அங்கு உண்டு. இந்தியப் பெருங்கடல் தீவுகளில் எஞ்சியிருக்கும் பறவாப் பறவை அது ஒன்றே.

இத்தனை உயிர்கள் தப்பிப் பிழைத்தது எவ்வாறு? இப்பெருங்கடலின் வேறு பல தீவுகளிலும் நில ஆமைகள் இருந்தன. கப்பலோட்டிகள் அவற்றை உயிருடன் ஏற்றிச் சென்று உணவாக்கினர், அவை அற்றுப்போயின. அல்டாப்ராவில் நன்னீர் ஊற்று இல்லை; கூரிய சுண்ணாம்புப் பாறை காலைக் கிழிக்கும். ஆகவே மக்கள் அங்குப் பெருகவில்லை. ஆயினும் எஞ்சிய ஆமைகளும் அழிந்துவிடும் என்று அஞ்சிய அறிஞர்கள், 1874ஆம் ஆண்டு மொரீசியசின் ஆளுநருக்கு ஒரு விண்ணப்பம் அனுப்பினர். அதில் கையொப்பமிட்டோருள் சார்லஸ் டார்வினும் ஜோசப் ஹூக்கரும் அடங்குவர்.

அதன்பின் ஒரு நூற்றாண்டு நெருங்கும் வேளையில் பெருந்தீங்கு ஒன்று அணுகிற்று. 1965ஆம் ஆண்டு பிரித்தானிய அரசு அல்டாப்ராவையும் சாகோஸ் தீவுகளையும் வேறு சில தீவுகளையும் இணைத்து ஒரு புதிய ஆட்சிப் பகுதியை உருவாக்கியது. அல்டாப்ராவில் படை விமானத்தளம் அமைக்கத் திட்டமிடப்பட்டது. இலண்டன் ராயல் சொசைட்டி இதனை எதிர்த்தது. எதிர்த்ததோடு நில்லாமல், 1967ஆம் ஆண்டு ஆய்வுக்குழு ஒன்றையும் தீவுக்கு அனுப்பியது. டேவிட் ஸ்டோடார்ட் என்னும் புவியியல் அறிஞர் இம்முயற்சியில் முன்னின்றார். அங்கு வாழ்வன யாவை, அவை எவ்வாறு ஒன்றையொன்று சார்ந்துள்ளன என்று காட்டினாலன்றித் தீவைக் காக்க வழக்காட இயலாது என அவர்கள் உணர்ந்திருந்தனர். அவ்வாண்டு நவம்பரில் பவுண்டு நாணயத்தின் மதிப்புக் குறைக்கப்பட்டது. செலவைச் சுருக்க முனைந்த அரசு திட்டத்தைக் கைவிட்டது. அறிஞர்தம் குரலும் கருவூலத்தின் நெருக்கடியும் ஒருங்கே சேர்ந்து தீவைக் காத்தன எனல் பொருந்தும்.

இங்கே ஓர் உண்மையை மறைத்தல் ஆகாது. அதே ஆட்சிப் பகுதியைச் சேர்ந்த டியேகோ கார்சியாவில் படைத்தளம் எழுந்தது. 1968 முதல் 1973 வரை சாகோஸ் தீவு மக்கள் தம் மண்ணிலிருந்து வெளியேற்றப்பட்டனர். ஆமைகளுக்காகப் பேசியவர் பலர். அம்மக்களுக்காக அன்று பேசியவர் சிலரே. உயிரிரக்கம் மனிதரை விலக்கி நின்றால் அது குறையுடையதே.

தீவைக் காத்த அறிஞர்கள் அதனோடு அமையவில்லை. கண்காணிப்போர் இல்லாத இடத்துக்கு நாளை மற்றொரு திட்டம் வரும். ஆகவே பிக்கார்ட் தீவில் 1971ஆம் ஆண்டு நிலையான ஆய்வுக்கூடம் ஒன்றை ராயல் சொசைட்டி திறந்தது. சீஷெல்ஸ் 1976ஆம் ஆண்டு விடுதலை பெற்றபோது அல்டாப்ரா அந்நாட்டுக்கே மீண்டது. 1979ஆம் ஆண்டு தோன்றிய சீஷெல்ஸ் தீவுகள் அறநிறுவனம் ஆய்வுக்கூடத்தின் பொறுப்பை ஏற்றது. 1982ஆம் ஆண்டு யுனெஸ்கோ அல்டாப்ராவை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

இத்தகைய இடத்தில் ஆய்வுக்கூடம் நடத்துவோர்க்கு முதற்பாடம் தன்னடக்கம். ஆய்வாளர் ஒருவர் கொண்டுவரும் பெட்டிக்குள் ஓர் எலி இருந்தாலும், காலணியில் ஒரு விதை ஒட்டியிருந்தாலும், அவர் காக்க வந்தது அவராலேயே கெடும். எனவே சரக்குகள் யாவும் சோதிக்கப்படுகின்றன. சிறு குழுவே அங்குத் தங்குகிறது. குடிநீர் மழைநீரே. 2012ஆம் ஆண்டு முதல் மின்னாற்றலின் பெரும்பகுதி கதிரவனிடமிருந்து கிடைக்கிறது. வேட்கையைச் சுருக்குவது அங்கே நன்னெறி மட்டுமன்று. ஆய்வின் முதல் விதியும் ஆகும்.

இனி, அங்கு நடைபெறும் பணியைக் காண்போம். அதில் பகட்டு இல்லை. விடியற்காலையில் கடற்கரையில் நடந்து, இரவில் முட்டையிட ஏறிய ஆமைகளின் தடங்களை எண்ண வேண்டும். பேராமை என்று மீனவர் வழங்கும் பச்சைக் கடலாமை, சூப்புக்காக அங்குப் பல்லாண்டுகள் கொன்று குவிக்கப்பட்டது. 1968ஆம் ஆண்டு வேட்டை தடைசெய்யப்பட்டது. அன்று ஆண்டுக்கு இரண்டாயிரம் முதல் மூவாயிரம் வரையே இருந்த முட்டைக்குழிகள், ஐம்பதாண்டுகளில் ஏறத்தாழப் பதினைந்தாயிரமாக உயர்ந்தன. பிறந்த ஆமை முதிர்ந்து முட்டையிடப் பல பத்தாண்டுகள் ஆகும். தடையின் பயனைத் தடையிட்டவர் காணவில்லை. அவருக்குப் பின் வந்த எண்ணுவோரே கண்டனர். ஒரு தலைமுறை தொடங்கியதை மறுதலைமுறை விடாது எண்ணியதால்தான் இவ்வுண்மை உலகுக்குத் தெரிந்தது.

நெஞ்சை வருத்தும் முடிவுகளும் அங்கு எடுக்கப்பட்டன. முன்னாளில் குடியேறியோர் உணவுக்கென ஆடுகளைக் கொண்டு வந்து விட்டனர். அவை பெருகி, நிழல்தரும் செடிகொடிகளை மேய்ந்தன. நண்பகல் வெயிலில் நிழலின்றேல் நில ஆமை உயிர்விடும். நெடுநாள் முயற்சிக்குப்பின், 2012ஆம் ஆண்டுடன் அங்கிருந்த ஆடுகள் முற்றிலும் ஒழிக்கப்பட்டன. கொல்லாமையை உயிரெனக் கருதுவோர் இதனை எளிதில் ஏற்க இயலாது, ஏற்கவும் வேண்டியதில்லை. ஆயினும் வினையின் வேர் எங்குள்ளது என்று நோக்குதல் நலம். ஆடு தானாகக் கடல் கடந்து வரவில்லை. கொண்டு வந்து விட்ட கை ஒன்று. அதன் விளைவைச் சுமந்த உயிர்கள் எண்ணிறந்தன. பின்னர்க் கொல்ல நேராதிருக்க வேண்டுமாயின், முன்னரே கொண்டுசெல்லாதிருத்தல் வேண்டும். ஆய்வுக்கூடத்தின் கடுமையான சோதனைகளுக்கு இதுவே காரணம்.

கடலுக்குள்ளும் இதே பொறுமை தேவைப்படுகிறது. நீர்மூழ்குவோர் குறித்த இடங்களுக்கே திரும்பத் திரும்பச் சென்று பவளத்தின் பரப்பை அளக்கின்றனர். 2016ஆம் ஆண்டு கடல்நீர் வெப்பமுற்றுப் பவளங்கள் வெளிறின. வளையத்தின் வெளிப்புறத்தில் கடும்பவளத்தின் பாதிக்கு மேல் மடிந்தது. காயலினுள் இழப்பு குறைவாகவும் மீட்சி விரைவாகவும் இருந்தன. நாள்தோறும் மாறும் வெப்பத்துக்குக் காயற்பவளம் பழகியிருப்பதே இதற்குக் காரணமாகலாம் என்பது அறிஞர் கருத்து. முன்பே அளந்து வைத்திராவிடில், இழந்தது எவ்வளவு, மீண்டது எவ்வளவு என்று எவரும் கூறியிருக்க இயலாது.

இத்தனைக்கும் பொருள் எங்கிருந்து வருகிறது? அதே அறநிறுவனம் பிராலின் தீவில் வல்லே தெ மே என்னும் இரட்டைத் தேங்காய்க் காட்டைப் பேணுகிறது. அக்காட்டைக் காண வருவோர் செலுத்தும் கட்டணமே அல்டாப்ராவுக்கும் பேராதரவு. 2020ஆம் ஆண்டு பெருந்தொற்றால் பயணிகள் நின்றபோது அறநிறுவனம் தள்ளாடியது. அறப்பணிக்கும் நிலையான வருவாய் வேண்டும் என்பதை அறக்கட்டளை நடத்துவோர்க்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை.

இறுதியாக ஒரு செய்தி. 2019ஆம் ஆண்டு தன்னார்வலர் பன்னிருவர் ஐந்து வாரம் உழைத்து, அல்டாப்ராவின் கரையிலிருந்து ஏறத்தாழ 25 டன் குப்பையை அகற்றினர். இன்னும் 500 டன் அளவு எஞ்சியிருப்பதாகக் கணக்கிடப்பட்டது. எடையிற் பெரும்பகுதி மீன்பிடி வலையும் கயிறும். எண்ணிக்கையில் மலைக்க வைத்தவை ரப்பர்ச் செருப்புகள். நிலத்திலிருந்து கடலில் கலந்து சீஷெல்ஸ் கரைகளை அடையும் குப்பை, பெரிதும் இந்தோனேசியா, இந்தியா, இலங்கை ஆகிய நாடுகளிலிருந்து மிதந்து செல்வதாக நீரோட்டங்களைக் கணக்கிட்ட ஆய்வு காட்டுகிறது.

அல்டாப்ராவைக் காணும் வாய்ப்பு இவ்வவையில் உள்ளோருள் எவருக்கும் கிட்டாமற் போகலாம். ஆயினும் தமிழகக் கரையில் அறுந்து வீசப்படும் ஒரு செருப்பு அங்குச் சென்று சேரக்கூடும். பேராமை முட்டையிட ஏறும் வழியில் கிடக்கக்கூடும். காணாத உயிருக்கும் தீங்கிழைக்க இயலும் என்பதை இரக்கம் தானே அறியாது. அறிவே அதற்கு அறிவிக்கிறது. அறிந்தபின் கையைக் கட்டுப்படுத்துவது இரக்கத்தின் கடமை. இவ்விரண்டும் இணைந்த இல்லங்கள் பெருகுக என வாழ்த்தி இவ்வுரை நிறைவுறுகிறது.